செவலை வீடு மாற்றிய கதை

மழைத் தண்ணீர் விறகுக் கொட்டகைக்குள் வரத் தொடங்கியதும், செவலைப் பூனை தன் இரண்டு குட்டிகளையும் எதிர்வீட்டுப் பரணுக்குக் கொண்டுபோகக் கிளம்பியது. ஒன்றைக் கவ்விக்கொண்டு நாலடி போகும். அதைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து மற்றதைத் தூக்கும்.

"இப்படிப் போனா நாங்க கிழடாகித்தான் அங்க போய்ச் சேருவோம்," என்றது மூத்த குட்டி. "முதல்ல தம்பியைப் பரண் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வாயேம்மா."

செவலை தயங்கியது. இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னது.

"எங்கம்மா அப்படித்தான்டி மத்தவங்களைத் தூக்கிட்டுப் போனா. நான் கடைசி. எனக்காக அவ திரும்பி வரவேயில்ல."

"நீ கத்தலையா?"

"தொண்டை கட்டுற வரைக்கும் கத்தினேன். அப்புறம் நிறுத்திட்டேன். அதனாலதான் அவளுக்கு இடம் தெரியலையோ என்னவோ."

"அப்ப நான் நிறுத்தாமக் கத்துறேன். நீ போ."

செவலை சின்னதைக் கவ்விக்கொண்டு போனது. வழியெல்லாம் மூத்ததின் குரல் கேட்டது. பரணில் ஏறும்போது குரல் நின்றுவிட்டது. செவலை சின்னதைக் கிடத்திவிட்டுத் தலைதெறிக்க ஓடிவந்தது.

குட்டி கொட்டகையிலேயே ஒரு விறகின்மேல் ஏறிச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

"ஏன்டி கத்தலை?"

"நீதான் வருவியேம்மா," என்றது, கண்ணைத் திறக்காமலே.

செவலை அதை உடனே தூக்கவில்லை. தண்ணீர் காலை நனைத்தும், அப்படி நம்பித் தூங்கினால் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொண்டே நின்றது.