ஐந்தில் மூன்று

"குடை, சாவி, எருமை, மிளகாய், ஏணி," என்றார் டாக்டர். "ஞாபகம் வச்சுக்க தம்பி. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேப்பேன்."

அவன் தலையாட்டினான். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

பதினோரு வருடமாக இந்த மனுஷனின் காதில் அவன் பூச்சுற்றுகிறான்.

அமெரிக்கக் கால்பந்து. பெயர்தான் அப்படி, காலால் பந்தைத் தொடுவது அபூர்வம். எதிரே வருகிறவனை முட்டிச் சாய்ப்பது அவன் வேலை. அதைப் பார்க்க ஐம்பதாயிரம் பேர். கிடா முட்டுக்குக் கூட்டம் சேராதா என்ன!

சீசன் தொடங்கும் முன் இந்தப் பரீட்சை. நடுவில் தலையில் அடிபட்டால் மறுபடியும் இதே பரீட்சை. மதிப்பெண் முன்னைவிடக் குறைந்தால் வெளியே உட்கார வைத்துவிடுவார்கள்.

அதனால் முதலிலேயே குறைத்து வாங்கிவிட வேண்டும். ஐந்தும் ஞாபகம் இருக்கும். மூன்றைச் சொல்வான். இரண்டை விழுங்கிவிடுவான்.

போன வருடம் புதிதாக வந்த ஒரு அசடு, அரிச்சந்திரனுக்குப் பக்கத்து வீடு போலிருக்கிறது, ஐந்தையும் ஒப்பித்தது. மூன்றாவது ஆட்டத்தில் ஒரே முட்டு. இப்போது வீட்டில் சோபாவில் உட்கார்ந்து டீவியில் ஆட்டம் பார்க்கிறானாம். பார்க்கட்டும்.

பரீட்சை முடிந்ததும் காரில் ஏறுவான். வண்டியைக் கிளப்பும் முன் ஐந்தையும் வரிசை மாறாமல் சத்தமாகச் சொல்வான். கடைசியில், "படிச்ச முட்டாள்" என்று டாக்டருக்கும் ஒரு அர்ச்சனை. வருடத்துக்கு ஒருமுறை அப்படி ஒரு சந்தோஷம்.

"ம், சொல்லு."

"குடை. மிளகாய்."

மூன்றாவதைத் தேடினான்.

மறுபடி தேடினான்.

விழுங்குவதற்கு ஒன்றும் இல்லை.

எவ்வளவு பெரிய ஆள் ஓடி வந்தாலும் பயப்படாதவனுக்கு, இப்போது பயமாக இருந்தது.

"நிஜமாவே வரல டாக்டர்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"யாருகிட்ட? இந்த டீம்ல தமிழ் பேச நீ ஒருத்தன்தான் இருக்கேன்னு நானும் இத்தனை வருஷமா கண்டுக்காம விட்டா, மூணு போயி ரெண்டா? சினிமாவுக்குப் போயிருக்கலாம்டா நீ. போ, போய் ஆடு."

இரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தேறிவிட்டான். இனி எவன் வந்து முட்டினாலும் அதற்குக் கீழே குறைய அதிக இடமில்லை. இந்த வருடம் அவனை யாராலும் வெளியே உட்கார வைக்க முடியாது.

காரில் ஏறினான். கதவைச் சாத்தினான்.

"குடை," என்றான். "மிளகாய்."

குடைக்கு அடுத்தது ஏதோ சின்னதாக ஒரு சொல். அது மட்டும் நிச்சயம்.

கையில் சாவியைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டே இருந்தான்.