உத்தரத்தில் கருவண்டு

மழை பொய்த்த கரிசலில் உலகம்மாள் நட்ட ஆவாரை மூன்றாம் கோடையில் பூத்துக் குலுங்கியது. ஆனால் வண்டு வராமல் காய் பிடிக்கவில்லை. செடிக்கும் வீட்டுக்கும் நடையாய் நடந்தாள். ஒருநாள் கருவண்டு வந்தது. பூவை உலுக்கிவிட்டு, வீட்டுக்குள் பறந்து உத்தரத்தைத் துளைத்துக் குடியேறியது. கீழே படுத்த படுக்கையாய்க் கிடந்த அவள் கணவன் வெயிலுமுத்துவின் முகத்தில் மரத்தூள் கொட்டியது.

“ஏட்டி, ஓட்டைய அடைச்சுத் தொலை. உத்தரம் முறிஞ்சா எம்மேலதான விழும்?”

களிமண்ணோடு ஸ்டூலில் ஏறினாள். ஓட்டைக்குள்ளிருந்து வந்த ரீங்காரத்தில் விரல்நுனி அதிர்ந்தது. இறங்கி, அவன் இமையைத் துடைத்துவிட்டு, கட்டிலைச் சற்றுத் தள்ளிப்போட்டாள்.

வண்டுகள் பெருகின. தூள் விழுந்தபோதெல்லாம் கட்டில் நகர்ந்தது. கடைசியில் வாசற்படியில் முட்டியது.

“இன்னும் எங்கட்டி தள்ளப்போற?”

வெளியே ஆவாரையில் முதல் பிஞ்சு தொங்கியது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தாள்.