வீட்டு உபயோகப் பொருட்கள்

"மாட்டினா கடைக்கு சீல் வெச்சிடுவாங்கண்ணா" என்றான் உமேஷ்.

"மாட்டினாத்தானே? அந்தக் கட்டத்துல டிக் அடிக்காம வுடு. அவ்ளோதான்" என்றார் ஜெயவேலு.

சேலையூர்ப் பக்கத்து வார்டு இடைத்தேர்தலில் ஜெயவேலு சுயேச்சை. சின்னம் டிபன் கேரியர். வியாழக்கிழமை மாலையோடு பிரசாரம் முடிந்துவிட்டது, சனிக்கிழமை வாக்குப்பதிவு. நடுவில் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு மணி நேரம் பேசாவிட்டால் தலைவலி வந்துவிடும் மனிதருக்கு இது பெரிய கொடுமை.

உமேஷ் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவன், இணைய விளம்பரத்தில் புலி. 'இது அரசியல் விளம்பரமா?' என்று தளம் கேட்கும். ஆமாம் என்று டிக் அடித்தால், காசு கொடுத்தவர் பெயர் விளம்பரத்தின் தலையிலேயே வந்து உட்காரும். அதுவும் இந்த இரண்டு நாளும் அந்த மாதிரி விளம்பரம் ஓடவே ஓடாது.

ஆனால் பாத்திரக்கடை விளம்பரம் ஓடுமே!

தாம்பரம் மார்க்கெட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அயூப் பாய் தன் கடையின் இணையப் பக்கத்தை இரவல் தரச் சம்மதித்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு.

"என் கடை பேர்ல பொய் வரக்கூடாது தம்பி. ஆஃபர்னு போட்டா நான் குடுத்தாகணும்."

"தாராளமா குடு பாய்! நானா வேணாங்கறேன்?" என்றார் ஜெயவேலு.

வெள்ளிக்கிழமை காலை விளம்பரம் வார்டு முழுக்க எல்லார் போனிலும் பளபளத்தது. 'தாம்பரம் மக்களின் ஒரே தேர்வு, டிபன் கேரியர்! சனிக்கிழமை மறக்காதீர்கள்! காலை ஏழு முதல் மாலை ஆறு வரை! ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்!' வகை என்ற இடத்தில் உமேஷ் தேர்ந்தெடுத்தது, வீட்டு உபயோகப் பொருட்கள்.

"படிக்கிறவனுக்குப் புரிஞ்சிடும்டா, எதை அமுக்கணும்னு" என்று ஜெயவேலு நாற்காலியிலேயே ஒரு ஆட்டம் போட்டார்.

மத்தியானம் தேர்தல் பறக்கும் படை ஜீப் சென்டர் வாசலில் வந்து நின்றது. ஜெயவேலு பிரிண்டருக்குப் பின்னால் பதுங்கினார். இறங்கி வந்த அதிகாரி தன் போனை நீட்டினார்.

"இது நீங்க போட்டதா?"

"ஆ... ஆமா சார். பாத்திரம் சார்."

"டிபன் கேரியர் ஒரு வேட்பாளரோட சின்னம், தெரியுமா?"

"அப்படிங்களா சார்?" உமேஷ் கண்ணை அகல விரித்தான். அந்த நடிப்புக்குப் பரிசே கொடுக்கலாம்.

அதிகாரி அங்கேயே நின்று அயூப் பாய்க்குப் போன் போட்டார். நிஜமாகவே விற்கிறீர்களா, நிஜமாகவே ஒன்று இலவசமா, பில் உண்டா என்று குடைந்தார். பிறகு முகம் தெளிந்தது.

"சரி. வியாபாரம்தான்" என்று ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

பிரிண்டருக்குப் பின்னாலிருந்து ஜெயவேலு எழுந்து வந்து உமேஷைக் கட்டிப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்.

சனிக்கிழமை காலையில் முதல் ஆளாக ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, வீட்டு ஹாலில் மாலை, பட்டாசு சகிதம் உட்கார்ந்தார். பக்கத்தில் உமேஷ். மத்தியானம் பூத் ஏஜென்ட் போன் செய்தார்.

"அண்ணே, நம்ம தெரு ஆளுங்க ஒருத்தர்கூட வரலை."

"வெயில் தாழ வருவாங்கடா!"

நாலு மணிக்கு மறுபடி போன். "அண்ணே, கேம்ப் ரோடு பக்கமும் காலி. நமக்குன்னு இருந்த ஓட்டு ஒண்ணுமே வரலைண்ணே. எதிர்க்கட்சிக்காரன் ஓட்டு மட்டும் சரசரன்னு விழுந்துகினு கீது."

ஜெயவேலு துள்ளி எழுந்தார். "கடத்திட்டான்டா! என் ஆளுங்களை மொத்தமா வண்டியில ஏத்தி எங்கியோ அடைச்சு வெச்சிட்டான்! போலீஸுக்குப் போன் போடு! இன்னாடா பாத்துகினு நிக்கிறே?"

உமேஷ் எண்ணை அழுத்தினான். லைன் கிடைக்கவே இல்லை. ஜெயவேலு ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி சாபம் விட்டுக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி ஆறு அடித்து ஓய்ந்தது. வாக்குப்பதிவு முடிந்தது.

அப்போது ஆட்டோ ஒன்று வாசலில் நின்றது. காலையிலேயே கிளம்பிப் போயிருந்த ஜெயவேலுவின் மனைவி ரோஹிணி, வேர்த்து விறுவிறுத்து, முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே வந்தாள்.

"அப்பப்பா, என்னா க்யூ! நம்ம தெருவே அங்கதாங்க நின்னுச்சு. ஆறு மணியோட ஆஃபர் முடிஞ்சிடும்னு ஒருத்தரும் நகரலை. நம்ம சின்னமாச்சே, ராசியா இருக்கும்னு நானும் விடாம நின்னு வாங்கிட்டேன்!"

கைக்கு ஒன்றாக இரண்டு டிபன் கேரியர்களை அவள் உயர்த்திக் காட்டினாள். பத்து விரலில் ஒன்றில்கூட மை இல்லை.