கடைசி ஜோடி

"இந்தக் கலர் பெட்டி ஷூவெல்லாம் சின்னப் பசங்க போடறது. எனக்குப் பழைய ஷூதான் வேணும்!"

முப்பது வருட வாடிக்கையாளர் ஒற்றைக் காலில் நின்றார். புதிதாகச் சேர்ந்த விற்பனைப் பெண் திருதிருவென்று விழித்தாள்.

கடையின் சீனியர் விற்பனையாளர் உள்ளே போய், பழுப்புப் பெட்டி ஒன்றோடு வந்தார். "உங்களுக்காகவே ஒளிச்சு வெச்ச கடைசி ஜோடி சார்."

போட்டு நடந்து பார்த்தவர் முகம் மலர்ந்தது. "இதுல்ல ஷூ!"

ஷூவைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, காலிப் பெட்டியை அவளிடம் நீட்டினார் சீனியர்.

"இளசுகளைப் பிடிக்கக் கம்பெனி மாத்தினது பெட்டியை மட்டும்தாம்மா. ஷூ அதேதான். இந்தப் பெட்டியைப் பத்திரமா வை," என்று கிசுகிசுத்தார்.

வாசல்வரை போன வாடிக்கையாளர் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பெட்டிக்கு ஒரு டேப் ஒட்டி வைம்மா. போன வருஷம் கடைசி ஜோடி வாங்கினப்பவே மூலை கிழிஞ்சிருந்துச்சு."