ஒரிஜினல் சார்ஜர்

"இது ஒரிஜினலா தம்பி? இத்தனை பேருக்கு முன்னாடி சொல்லு. இது ஒரிஜினலா?"

லிங்கசாமி அந்த வெள்ளை அடாப்டரைக் கண்ணாடி மேசை மேல் போட்ட வேகத்தில் வாசிம் கையிலிருந்த கேபிளை நழுவவிட்டான்.

கடை திறந்த முதல் நாள் அது. பனியன் கம்பெனியில் வருஷக்கணக்காகச் செக்கிங் பார்த்துச் சேர்த்ததையெல்லாம் கொட்டி, பல்லடம் ரோட்டில் செல்போன் சாமான் கடை போட்டிருந்தான். வாசலில் கட்டிய கலர்த் தாள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. போனஸ் வாரம் வேறு. ஷிப்ட் விட்ட கூட்டம் மொத்தமும் கடை முன்னால்.

"எனக்கு சி டைப் குடுங்க!"

"ஏனுங்க, பழைய மெல்லிசு பின் இருக்குதுங்களா?"

கேபிளை எடுத்துக் கொடுத்து மாளவில்லை. பையில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த மனைவி மெஹ்ஜபினுக்குச் சிரித்துச் சிரித்தே கன்னம் வலித்தது. இருவரும் மத்தியானச் சோற்றையே மறந்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் இந்த இடி.

"ஒரிஜினல்னு சொல்லித்தானுங்கண்ணா மொத்த விலைக் கடையில குடுத்தாங்க..."

"அவன் உங்கிட்டச் சொன்னான், நீ எங்கிட்டச் சொன்னே. காலையில வாங்கிட்டுப் போய் மாட்டினேன், ஒரு துளி ஏறலை. தொழில் பண்றவன் போன் இப்படிச் செத்துக் கெடந்தா ஆகுமா?"

நீட்டியிருந்த கைகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. அப்போதுதான் ஒரு கேபிள் வாங்கியிருந்த தையல்கார ஆயம்மாள், அதை விளக்குக்கு நேரே தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன் கண்ணு, இதும் அப்படித்தானா?"

லிங்கசாமி திட்டியதை விட, அவள் மெதுவாகக் கேட்டதுதான் வாசிமுக்குச் சுருக்கென்றது.

கூட்டம் சேரச் சேர லிங்கசாமிக்குக் குஷி ஏறிவிட்டது. அடாப்டரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பாடமே நடத்த ஆரம்பித்துவிட்டார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. நல்ல சரக்குன்னா கையில வெச்சாக் கனம் தெரியும். இது பொரிச்ச அப்பளமாட்ட இருக்குது. மேல இருக்கற எழுத்தை நகத்துல சொரண்டுங்க... பாருங்க, கம்பெனி பேரே கையோட வருது! கேபிளைச் சொருகினா கிண்ணுனு நிக்கோணும். இது ஆட்டுக்குட்டி வாலாட்டம் ஆடுது!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"அண்ணன் இன்ஜினியருங்களா?" என்றது ஒரு குரல்.

"அனுபவம்யா, அனுபவம்!" என்றவர் வாசிம் பக்கம் திரும்பினார். "ஒருத்தன் பாடுபட்டுச் சம்பாரிச்ச பேரைத் திருடி ஒட்டி விக்கறது, அவன் ஊட்டுக்குள்ள பூந்து திருடறதுக்குச் சமம். உண்டா இல்லையா?"

"உண்டுங்க!" என்றது கூட்டம்.

'எவனாவது சண்டைக்கு வந்தா, வித்த பொருளைத் திரும்ப வாங்கறதில்லைன்னு சொல்லிரு' என்று மொத்தக் கடைக்காரன் சொல்லி அனுப்பியது வாசிமுக்கு ஞாபகம் வந்தது. வாய் வரைக்கும் வந்தும் விட்டது. ஆயம்மாள் இன்னும் அந்தக் கேபிளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாசிம் அதே பெட்டியிலிருந்து இன்னொரு அடாப்டரை எடுத்துச் சுரண்டினான். பேர் உரிந்தது. மற்றொன்றை எடுத்தான். அதுவும் உரிந்தது.

"மெஹ்ஜபின், அந்த வரிசை பூரா எறக்கு."

"பூராவுமாங்க?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "நம்ம சரக்குல பாதிங்க அது."

"எறக்கும்மா."

ஒரு சாக்கைப் பிரித்து எல்லாவற்றையும் அதற்குள் கவிழ்த்தான். கூட்டத்தைப் பார்த்து நிமிர்ந்தான்.

"இது போலின்னு எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்ச பொறகு ஒண்ணு கூட விக்க மாட்டேன். காலையில வாங்கினவங்க கொண்டாங்க, நல்லதா மாத்தித் தர்றேன். அம்மா, உங்க கேபிள் வேற கம்பெனி. பயப்படாம கொண்டு போங்க."

தூக்கிப் பிடித்திருந்த கேபிள் பைக்குள் போனது.

"அப்படிச் சொல்லு கண்ணு!" என்றாள் ஆயம்மாள். "எம் மருமவளுக்கும் ஒண்ணு குடு!"

அவ்வளவுதான், உள்ளே போன கைகளெல்லாம் மறுபடி நீண்டன. லிங்கசாமியே நெகிழ்ந்துபோய் வாசிமின் தோளில் தட்டினார்.

"தொழில்னா இப்படித்தான் தம்பி சுத்தமா இருக்கோணும். நீ நல்லா வருவே!"

வாசிம் வேறொரு பெட்டியைப் பிரித்து, அவரையே சுரண்டிப் பார்க்கச் சொன்னான். எழுத்து அசையவில்லை. மேசை ஓரத்துப் பிளக்கில் மாட்டி, கைக்குக் கிடைத்த குட்டைக் கேபிளை அவர் போனில் சொருகினான்.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். போனில் வெளிச்சம் வந்தது.

"ஏறுது, ஏறுது!" என்று கபடியில் ஜெயித்த மாதிரி கூச்சல். மெஹ்ஜபின் கையே தட்டிவிட்டாள்.

உயிர் வந்த மறு நிமிஷமே போன் மணி அடித்தது. லிங்கசாமி எடுத்துக் காதில் வைக்கப் பார்த்தார். கேபிள் எட்டவில்லை.

"கழட்டிராதீங்கண்ணா, மறுபடி அணைஞ்சுரும்!" என்றாள் மெஹ்ஜபின்.

சரியென்று மேசையிலேயே வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். தையல் மெஷின்களின் இரைச்சலுக்கு மேலே ஒரு குரல் உற்சாகமாகக் கத்தியது.

"அண்ணா, எங்கீங்க போயிட்டீங்க? லேபிள் வந்துருச்சுங்க! அந்த வெளிநாட்டுக் கம்பெனி லேபிளை அச்சு அசலா அப்படியே அடிச்சுக் குடுத்துட்டாங்க. நம்ம டி-ஷர்ட் அத்தனைக்கும் கழுத்துல வெச்சுத் தெச்சரட்டுங்களா? அந்தக் கம்பெனி மொதலாளியே வந்து பாத்தாலும், தன்னோட சரக்குன்னு எடுத்து மாட்டிக்கிட்டுப் போயிருவாருங்கண்ணா!"