செவ்வரத்தையில் ஒரு கறுப்புத் தாள்

காலையில் பூப்பறிக்கப் போன புஸ்பம், பூத்தட்டைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தாள். வாசல் செவ்வரத்தையில் ஓர் இலையைக் கறுப்புத் தாளால் மூடி, இரண்டு குண்டூசியும் குத்தியிருந்தது.

“செய்வினைதான். பக்கத்து வீட்டு மச்சாளைத் தவிர வேற ஆரு செய்வா?”

கணவர் அழகரத்தினம் உடனே சைக்கிளை எடுத்துப்போய்ப் பூசாரியாரைக் கூட்டிவந்தார்.

பூசாரியார் இலையைக் கண்டதும் நாலடி பின்வாங்கினார்.

“தொடாதீங்க. இதே மாதிரி ஒண்டை முந்தாநாள்தான் கழிச்சன். பெரிய கை செஞ்ச வேலை.”

“இதையும் கழிக்க ஏலுமா, ஐயா?”

“ஏலும். கறுத்தச் சேவல் ஒண்டு வேணும்.”

புஸ்பம் வேலியோரம் போய் மச்சாளை ஏசத் தொடங்கினாள். சத்தம் கேட்டு மகள் ஆர்த்திகா பள்ளிக்கூடச் சட்டையோடு வெளியே வந்தாள்.

“அம்மா, அது நான் குத்தினது. இலை வெயிலைப் பிடிச்சுத்தான் தனக்குச் சாப்பாடு ஆக்குதாம். மூடின இலையில மாப்பொருள் இராது. இண்டைக்கு அவிச்சு, அயடீன் ஊத்திப் பார்க்கணும். ஒளித்தொகுப்புப் பாடத்துக்கு டீச்சர் எல்லாரையும் செய்யச் சொன்னவ.”

வேலிக்கு அப்பால் மச்சாள் சிரிக்கும் சத்தம் கேட்டது. பூசாரியார் மட்டும் சிரிக்கவில்லை.

“எத்தனையாம் வகுப்பு, மகள்?”

“பத்து. உங்கட மகன் நிதுர்ஷனும் எங்கட வகுப்புத்தானே.”

பூசாரியார் மெல்லப் படியில் குந்தி, புஸ்பத்தைப் பார்த்தார்.

“முந்தாநாள் கழிச்சது எங்கட வீட்டுக் கொய்யாவிலதான், தங்கச்சி. சேவலை அறுத்து, மரத்தையும் அடியோட தறிச்சுப் போட்டன். பொடியன் ரெண்டு நாளா என்னோட ஏன் கதைக்கிறானில்ல எண்டு இப்பதான் விளங்குது.”