டெண்டில் பத்து நாள்

ஆவடியில் பெண் பார்க்க வந்தவர்களைப் பெண்ணின் அப்பா எட்மண்ட் வீட்டுக்குள் கூட்டிப் போகவில்லை. கட்டிலும் அடுப்பும் பொருத்திய தன் பழைய வேனைத்தான் முதலில் காட்டினார்.

"குடும்பத்தோட இதுலயே ஊர் ஊரா சுத்துறோம். ஆனா டெண்ட்ல தங்கின சுகம் இதுல இல்லீங்க."

"டெண்டா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா ராயப்பன்.

"ஆமா, எண்பத்தஞ்சுல. அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்து மேட்டுல பத்து நாள்! எங்க பாத்தாலும் தண்ணி. வேளைக்குச் சாப்பாடு வந்துடும்."

"காபி ஆறுது, உள்ள வாங்க," என்று எட்மண்டின் மனைவி ஹில்டா அவசரப்படுத்தினார்.

"வெள்ளைக்காரன் கணக்கா வாழ்ந்திருக்கீங்க!" என்று ராயப்பன் வாயைப் பிளந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா செலின், எட்மண்டை உற்றுப் பார்த்தார்.

"அது வெள்ள நிவாரண முகாமாச்சே! அங்க சோத்துப் பொட்டலம் குடுத்த டீச்சர் நான்தான். தலைல துண்டை மாத்தி மாத்திக் கட்டிகினு மூணு தபா வரிசைல வந்தது நீங்கதானே?"

எட்மண்ட் அவசரமாக வேன் கதவைச் சாத்தினார். ஹில்டா தலையைக் குனிந்துகொண்டார்.

"பயப்படாதீங்க, பொண்ணை எங்களுக்குப் புடிச்சிருக்கு," என்றார் செலின். "கல்யாணப் பந்தியை மட்டும் நான் பாத்துக்கிறேன்."